படத்தில் வந்த காட்டுமாடு

ஒட்டன்சத்திரம் சந்தையில் பீன்ஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நானும் கணவரும் பக்கத்துத் தோட்டத்து அக்காவும் படத்துக்குப் போனோம். தோட்டக்காரனாக நடித்தவன் நிஜ ஆள். அவன் முட்டைக்கோஸை மேய வந்த காட்டுமாடு மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்தது. அவன் கைகூப்பிக் கெஞ்சியதும் மாடு திரும்பிப் போனது. தியேட்டரே கைதட்டியது.

பஸ்ஸில் அக்கா, "மாடு அச்சு அசலா இருந்துச்சு" என்றாள்.

"சொன்ன பேச்சைக் கேக்குற மாடு எங்கிட்டுக்கா இருக்கு?" என்று கணவர் சீறினார்.

மூட்டை இறக்கிய அசதியில் நான் மிச்சப் படம் முழுக்கத் தூங்கியிருந்தேன்.

வடகவுஞ்சியில் இறங்கி, அக்காவை அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், எங்கள் முட்டைக்கோஸில் நிஜ மாடு நின்றது. தகரம் தட்டி விரட்ட எங்கள் இருவர் கையிலும் வலுவில்லை. கணவர் வேலியோரம் நின்று கைகூப்பினார்.

"போயிருங்க சாமி."

அது நிமிர்ந்து பார்த்தது. பிறகு அடுத்த பாத்திக்கு நகர்ந்தது.