மூன்று முந்திரி மூட்டையும் ஒரு டைமிங் செயினும்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். மைன்ஸில் சங்கிலி போட்டுக் கனத்த சாமான்களைத் தூக்கி இறக்கும் ரிக்கராகப் பெர்மனென்ட் வேலையில் இருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். சோறு கொண்டுவந்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்ட என் மனைவி. மூன்று முந்திரிக் கொட்டை மூட்டைகளோடு குட்டியானை லோடு வண்டியை ஓட்டிவந்த டிரைவர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தானும் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

ஷெட்டில் நான் பிரித்துப்போட்டிருந்த பைக் மச்சானுடையது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு இன்ஜினியர், பலாமரத்தடியில் போட்டுவைத்திருந்த பழைய ஜப்பான் பைக். எழுபதுகளில் செய்தது, இரட்டை சிலிண்டர். எடைக்குப் போக இருந்ததை மச்சான் என்னை நம்பித்தான் வாங்கினார். "ஓட வெச்சிடுவியா மாப்ள?" என்று கேட்டபோது, வாய் என்னை முந்திக்கொண்டு "ஓட வெச்சிடலாம்" என்றது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். சொந்தமாக ஷெட் போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த வேலையெல்லாம் ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ போடுவது. முழு இன்ஜினைப் பிரித்து என் பொறுப்பில் மூடப்போவது அதுதான் முதல் தடவை. கெடுத்துவிட்டால் மாற்று இன்ஜின் இந்த ஊரில் இல்லை, சென்னையிலும் இல்லை. கெடுத்தவன் என்ற பெயரோடு காடாம்புலியூரில் என் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது.

பிரித்துப் பார்த்ததில் எல்லாம் அதிசயமாக நன்றாக இருந்தது, டைமிங் செயினைத் தவிர. இன்ஜினுக்குள்ளே கீழே சுற்றும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் சேர்த்துப் பிடித்திருக்கிற சின்னச் சங்கிலி அது. சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஒரு நல்ல சங்கிலியைப் படுக்கைவாட்டில் நீட்டிப் பிடித்தால் குச்சி மாதிரி நிற்க வேண்டும். இது வாடிப்போன கீரைத்தண்டு போலத் தலையைத் தொங்கப்போட்டது. இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி உட்காரும் ஓட்டை ஒரு மயிரளவு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தொண்ணூற்றுச் சொச்சம் கண்ணிகளின் மயிரளவையும் சேர்த்தால், சங்கிலி ஒரு பல் தாண்டிக் குதிக்கப் போதுமானது. குதித்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பிறகு அந்த இன்ஜின் எடைக்குத்தான்.

சென்னைப் புதுப்பேட்டையில் நான் ஒரே ஒரு முறை போய்வந்த ஸ்பேர்ஸ் கடையின் கடைக்காரர் போனில் இரண்டு சங்கிலிகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று அதே பழைய அளவு, தொள்ளாயிரம் ரூபாய். இன்னொன்று அதே பல்லுக்குப் பொருந்துவது, ஆனால் பக்கத் தகடு கனம், ஊசிகள் இன்னும் கெட்டியாகப் பதம் வைத்தவை. இரண்டாயிரத்து எண்ணூறு. இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். கெட்டியானது தேயாது, சரி. ஆனால் கனம் கூடினால் சிலிண்டர் நடுவே சங்கிலி ஓடும் சந்தில் உரசுமே? கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து மடித்து அந்தச் சந்தின் இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தேன். இடம் இருந்தது. திருப்பி ஒருமுறை பார்த்தேன். அப்போதும் இருந்தது. கெட்டியானதே வரட்டும் என்று சொன்னேன், மச்சான் பணம் போட்டார்.

பார்சலைப் பிரித்து, எண்ணெய்த் தாளிலிருந்து அதை எடுத்துப் படுக்கைவாட்டில் பிடித்தேன். அசையாமல் நீட்டிக்கொண்டு நின்றது. நிமிர்த்தினால் தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. ஒரு பக்கம் குச்சி, ஒரு பக்கம் தண்ணீர். இதை யாரோ ஒரு மனுஷன் யோசித்துச் செய்திருக்கிறான் என்று மலைத்து, கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன். மைன்ஸில் மண் தோண்டும் மிஷினின் சக்கரத்தை முதன்முதலில் பார்த்தபோதுகூட, ஒரு பக்கெட்டுக்குள் ஆள் நிற்கலாம் என்று காட்டினார்களே அப்போதுகூட, எனக்கு இப்படி ஆகவில்லை. பெரியதைப் பார்த்து வாய் பிளப்பது சுலபம்.

மச்சானுக்கு அந்தச் சங்கிலியைக் கண்டதும் வேறு ஒன்று தோன்றியது.

"டெஸ்ட் போட்டாச்சா?"

"இன்னா டெஸ்ட் மச்சான்?"

"லோடு டெஸ்ட். எங்க கேங்ல டெஸ்ட் போட்டு, பெயின்ட் வெச்சி, ரிஜிஸ்டர்ல ஏத்தாம ஒரு சங்கிலியத் தொட வுடமாட்டோம். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா குடுத்திருக்கேன். ஸ்ட்ராங்குன்னு கடைக்காரன் வாயால சொன்னா ஆச்சா?"

இருபது வருஷமாக டன் கணக்கில் தூக்கி இறக்குகிறவர். பெர்மனென்ட். நான் என்ன சொல்ல? மனசுக்குள் ஏதோ இடித்தது, ஆனால் சரியென்று தலையாட்டினேன். ஒரு கான்ட்ராக்டரிடம் பாரம் தூக்கும் செயின் பிளாக் இரவல் வாங்கி ஷெட் வாசல் புங்கமரத்தில் மாட்டினார். அதன் கொக்கியில் ஒரு வழவழப்பான இரும்பு உருளை, அதில் மாலைபோல வளையமாக நம் சங்கிலி, வளையத்தின் கீழ் மடிப்பில் இன்னொரு உருளை, அதில் கயிற்றுக் கூடை. மச்சானின் தோப்பிலிருந்து வந்த மூட்டைகள் ஒவ்வொன்றும் எண்பது கிலோ. மூன்றையும் கூடையில் அடுக்கினார்கள்.

செயின் பிளாக்கை நானே இழுத்தேன். கயிறு விறைத்தது, கிளை முனகியது, மூட்டைகள் ஒரு ஜாண் எழும்பின. இருநூற்று நாற்பது கிலோவும் அந்தச் சுண்டுவிரல் சங்கிலியில். அதற்கு ஒரு சத்தமும் இல்லை. 

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டைமேல் ஏறினார்.

"ண்ணா, ஏறங்கு ண்ணா. சங்கிலி தாங்கிக்கும். மரத்துக் கெளதான் அழுவுது" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு பாப்பா. சொன்ன லோடுக்கு மேல கால் பங்கு போட்டுப் பாக்கணும். அதான் ரூலு."

"அப்பிடியே என் வாடகையக் குடுத்துட்டுத் தொங்குங்கண்ணா" என்றான் டிரைவர். "அப்பறம் யாரக் கேக்கறது நான்?"

"பத்து நிமிஷம். போன்ல டைம் பாருடா."

மூன்றாவது நிமிஷம் மூட்டைகள் மெல்லச் சுழல ஆரம்பித்தன. மச்சான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்தவர் மாதிரி எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சங்கிலியின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்து சடைபோல முறுக்கிக்கொண்டது. பிறகு திரும்பி மறுபக்கம் முறுக்கியது.

"மச்சான், சுத்துது, எறக்கிடறேன்."

"சுத்தட்டும் வுடு. அறுவலையே!"

அறுபடவில்லை. பத்து நிமிஷமும் அறுபடவில்லை. முந்நூறு கிலோவுக்கு மேல் தாங்கிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. இறங்கிவந்த மச்சான் பையிலிருந்து பச்சை பெயின்ட் டப்பாவை எடுத்து ஒரு கண்ணியில் பொட்டு வைத்தார். "பாஸ்" என்றார். டிரைவர் கைதட்டினான்.

பெட்ரோலில் அந்தப் பச்சையைக் கழுவிவிட்டு, சங்கிலியை ஆள்காட்டி விரல்மேல் போட்டு ஒவ்வொரு கண்ணியாக உருட்டினேன். வழிந்தது, வழிந்தது, ஓரிடத்தில் நின்றது. ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் முட்டிவலிக்காரன் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டேன். ஆட்டினேன். அப்படியேதான்.  எனக்கு எப்போதுமே சந்தேகம், இல்லாத கோளாறும் என் கண்ணுக்குத் தெரியும். அதனால் மனைவியிடம் நீட்டி, எதுவும் சொல்லாமல் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். அவள் பூ கட்டுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். அதே இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு முறைச்சிகினு இருக்குது பாருங்க" என்றாள்.

மச்சான் வாங்கிப் பார்த்தார். "இன்னா இப்போ? அறுந்துச்சா? கெடக்குது, மாட்டு. ஓட ஓட சரியாப்புடும்."

"இது தூக்கறதுக்குச் செஞ்சது இல்ல மச்சான், ஓடறதுக்குச் செஞ்சது" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேகமாப் போனா கிராங்கு ஒரு செகண்டுல நூறு சுத்து சுத்தும். இந்தக் கண்ணி அந்தப் பல்லுமேல ஏறும்போதெல்லாம் முரண்டு புடிக்கும். முறுக்குனதுல ஊசி அழுந்திப்போச்சி."

"இருவது வருஷம் சங்கிலியோட கெடக்கறவன் நானு. எட்டாவது படிச்சவன் எனக்குப் பாடம் எடுக்கறியா?"

டிரைவர் வண்டிப் பக்கம் நழுவினான். மனைவி என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை, சாப்பாட்டுக் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள். சரி மச்சான் என்று சொல்லத்தான் வாய் வந்தது. கையில் இருந்த அந்தச் சங்கிலி வேண்டாம் என்றது.

"இத நான் மாட்டமாட்டேன் மச்சான். வேற ஆள வெச்சி மாட்டிக்கோங்க."

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்ஜினை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புதுப்பேட்டைக்குப் போன் போட்டு, அதே கெட்டிச் சங்கிலி இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் நடந்ததை விசாரித்துவிட்டு ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார். மனைவி சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள். வடலூர் பார்சல் ஆபீஸுக்குப் போய் வாங்கிவந்து, யார் கண்ணிலும் காட்டாமல் மாட்டினேன். மேல்மூடி போடும் முன் கையால் கிராங்கைச் சுற்றினேன். கீழே இரண்டு சுற்று, மேலே ஒரு சுற்று. வால்வு திறக்கிறது, மூடுகிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவன் போட்ட கணக்கு, தப்பாமல் என் கைக்குள் சுற்றுகிறது. எத்தனை தடவை சுற்றினேன் என்று தெரியாது. மனைவி வந்து "மூடுங்க, தூசி வுழுது" என்றபின்தான் மூடினேன்.

ஸ்டார்ட் செய்யும் அன்று மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தார். ஆறாவது உதையில் பிடித்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டேன். பிறகு அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"சங்கிலி சத்தமே வரலையே மாப்ள. உள்ள போட்டிருக்கியா இல்லியா?"

அதற்குமேல் ஒரு பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை. அன்றைக்கே மைன்ஸ் மெயின் கேட் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிவந்தார். கண்ணில் தண்ணீர், காற்றுப் பட்டது என்றார்.

இரண்டாவது சங்கிலிக் காசை மெல்ல நினைவூட்டியது என் மனைவிதான். மச்சான் ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தார்.

"மீதி?"

"டெஸ்ட் போட்ட சங்கிலிக்கு முழுசாக் குடுத்தேனா இல்லியா? இது டெஸ்ட் போடாத சங்கிலி பாப்பா. எவனாவது முழுக் காசு குடுப்பானா?"

வண்டி ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.