பன்றிக்கு மூன்று கூப்பாடு

அமெரிக்காவில், மேற்கு மாசசூசெட்ஸில் உள்ள எங்கள் ஹேசல்ட்டனில் புதிதாகக் கல்யாணமானவனுக்கு ஊர்க்கூட்டம் செய்யும் சீர், பன்றி மணியம். வேலி தாண்டித் திரியும் பன்றிகளைப் பிடித்து அடைக்கும் உத்தியோகம். ஒரு வருஷம் ஊர் சிரிக்கும், அடுத்த மார்ச்சில் வேறொரு மாப்பிள்ளை அகப்படுவான். ஏனோஸ் விட்காம்ப் இந்த உத்தியோகத்தை இரண்டு தடவை பார்த்தவர். முதல் தடவை வயது இருபத்து நான்கு. இரண்டாவது தடவை ஏற்றபோது ஐம்பத்தேழு.

மணியத்துக்கு ஒரு விதி உண்டு. பன்றி எவர் முற்றத்துக்குள் ஓடினாலும் மணியக்காரர் படலைத் தாண்டக் கூடாது. வெளியே நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். யார் வீட்டுப் பன்றி, காதில் என்ன அடையாள வெட்டு என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் கால் வைக்கலாம்.

வரியும் ஜப்தியும் தாங்காமல் மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயிகள் துப்பாக்கி தூக்கினார்களே, ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறின் அந்தக் குளிர்காலத்தில் ஏனோஸ் எங்கேயும் போகவில்லை. ஆனாலும் கலகக்காரர்களைத் தேடி வந்த படைக்காரர்கள் சிலர் அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். யாரைத் தேடுகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. இறகு மெத்தையைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே வாத்து இறகு இருந்தது. போய்விட்டார்கள்.

உடைந்த கதவில் ஏனோஸ் பன்றிப்பட்டிப் பலகை இரண்டை ஆணியடித்து வைத்தார்.

அடுத்த வருஷம் நாட்டுக்குப் புது அரசியல் சாசனம் ஒன்று வந்தது. அதை ஏற்கலாமா என்று முடிவுசெய்ய, போஸ்டனில் கூடும் மாநில சபைக்கு ஊருக்கு ஊர் ஆள் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் அதை முழுசாக வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் என் அப்பா, கேப்டன் பர்சிலாய், எழுந்தார்.

"அவங்களுக்கு என்னென்ன அதிகாரம்னு பக்கம் பக்கமா இருக்கு. நமக்கு என்ன உரிமைன்னு ஒரு வரி இருக்கா? காட்டுங்கய்யா, என் தொப்பியைத் தின்னுடறேன்!"

யாரும் காட்டவில்லை. 'வேண்டாம்' என்று சொல்வதென்று தீர்மானமாயிற்று. ஆனால் ஜனவரிப் பனியில் போஸ்டனுக்குப் போய்ச் சொல்வது யார்?

"ஏனோஸை அனுப்புங்க. கதவில்லாத வீட்டுக்குக் காவல் எதுக்கு?" என்றது பின்வரிசை.

அப்படித்தான் அவர் போனார். வழியனுப்பும்போது அப்பா சொன்னார்: "உனக்கு ஒரே ஒரு வார்த்தைதான்யா வேலை. 'வேண்டாம்'. அதைப் போஸ்டன்ல தொலைச்சிட்டு வந்துடாத."

நாலு வாரம் உட்கார்ந்து கேட்டார். சபையில் வாய் திறக்கவில்லை. தங்கிய விடுதியில், சாப்பாட்டு மேசையில், பக்கத்திலிருந்த வக்கீலிடம்தான் பேசினார்.

"ஒரு பன்னியைப் பிடிக்க நான் மூணு தடவை கூப்பிடணும், எந்தப் பன்னின்னு சொல்லணும். மனுசன் வீட்டுக்குள்ள நுழைய உங்க சாசனத்துல ஒண்ணுமே இல்லையேய்யா?"

வக்கீல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "முதல்ல ஏத்துக்குவோம், கூடவே இன்னின்ன திருத்தம் வேணும்னு பட்டியல் அனுப்புவோம்னு பேசிட்டிருக்காங்க."

"அதுல கதவு இருக்கா?"

"இல்ல. ஜூரி இருக்கு."

"அப்ப நான் எதுக்குத் தலையாட்டணும்?"

"ஒருத்தர் பட்டியல் போட்டா மத்த மாநிலக்காரனும் போடுவான். கதவை அவன் எழுதுவான். யாருமே ஆரம்பிக்கலேன்னா யாருமே எழுத மாட்டாங்க, பெரியவரே."

சாசனம் நூற்று எண்பத்தேழுக்கு நூற்று அறுபத்தெட்டில் ஜெயித்தது. அந்த நூற்று எண்பத்தேழில் ஒன்று ஏனோஸ்.

"நாங்க குடுத்து விட்ட வார்த்தை எங்கய்யா?" அடுத்த கூட்டத்தில் அப்பா கேட்டார்.

"மாத்திட்டேன்."

"யாரைக் கேட்டு? 'அப்புறம் தர்றோம்'னு எவனோ சொன்னானாம், இவர் நாட்டையே தூக்கிக் குடுத்துட்டு வந்தாராம்!"

அந்த மார்ச்சில் ஏனோஸைப் பன்றி மணியமாக்க அப்பாதான் முன்மொழிந்தார். கூரை அதிரச் சிரித்தார்கள். ஏனோஸ் எழுந்து, "சரி. ஊர்ப் பட்டித் தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு, சரி பண்ணிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு வந்த மூன்று மார்ச்சிலும் மணியம் அவருக்கே. மாப்பிள்ளைகள் தப்பித்தார்கள். அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. எதிரில் வந்தால் எல்லோருக்கும் வானத்தில் ஏதோ தெரிந்தது.

அவரும் பிடிவாதக்காரர். "சாசனத்துல எழுதி வரட்டும், அப்புறம் புதுக் கதவு போடலாம்" என்பார். அவர் மனைவி பெயர் தேங்க்ஃபுல், நன்றியுள்ளவள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

"அது எழுதி வர்றதுக்குள்ள நான் விறைச்சுப் போயிருப்பேன். அந்தக் கதவை எனக்குச் சவப்பெட்டியா அடிச்சுடுங்க!"

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுப் பட்டித் தாழ்ப்பாள் ஏன் அவ்வளவு அடிக்கடி கழன்றது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை அப்பாவின் தொப்பி பன்றித் தலைக்கு எப்படிப் போனது என்றும் கேட்காதீர்கள். துரத்தினால் பன்றி எங்கள் முற்றத்துக்கே ஓடிவரும். ஏனோஸ் படலுக்கு வெளியே மழையில் நின்று கூப்பிடுவார்.

"கேப்டன் பர்சிலாய் வீட்டுப் பன்றி! இடது காதில் ரெண்டு வெட்டு! தலையில் தொப்பி!"

அப்பா பதில் சொல்ல மாட்டார். நான்தான் ஓடிப்போய், "வாங்க மாமா" என்பேன். அவர் என் கையைப் பார்ப்பார். கையில் தாழ்ப்பாள் துரு இருக்கும். துருவைப் பற்றிக் கேட்காமல், "அம்மா சௌக்கியமா?" என்று கேட்பார். பன்றி ஓடாத நாளில் அவர் அதைக் கேட்க ஊரில் ஆள் இல்லை.

தொண்ணூற்றிரண்டு மார்ச்சில் சாராயக் கடைக்குச் செய்தித்தாள் வந்தது. பத்துத் திருத்தங்கள் சாசனத்தில் சேர்ந்துவிட்டனவாம். திருத்தம் வேண்டும் என்று முதலில் கத்திய எங்கள் மாநிலம் மட்டும் இன்னும் ஒழுங்காகப் பதில் அனுப்பவில்லை. அப்பா உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். நாலாவதில் குரல் இறங்கியது. எந்த இடத்தில், யாரை, எதைத் தேடுகிறோம் என்று எழுதிக் காட்டாமல் வாரண்டு கிடையாது. அதை இரண்டு தடவை வாசித்தார். தாளை மடித்தார். வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஏனோஸ் வீட்டுப் படல் திறந்தே கிடந்தது. அப்பா உள்ளே போகவில்லை.

"ஏனோஸ் விட்காம்ப்!" என்றார். மூன்று தடவை.

பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யார் வீட்டுப் பன்னி?"

"எங்க வீட்டுது."

"காதுல என்ன வெட்டு?"

அப்பா தொப்பியைக் கழற்றினார். "வெட்டு இல்லய்யா. நாலு வருசமா வெறும் செவிடு."

ஏனோஸ் பலகைக் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார்.

அப்பா நாலாவதை வாசித்துக் காட்டினார். ஏனோஸ் கண்ணை மூடிக் கேட்டார்.

"மூணு தடவை கூப்பிடணும்னு போட்டிருக்கா?"

"போடல."

"போட்டிருக்கலாம்."

"வந்ததுதான் வந்தீங்க, அளவெடுத்துட்டுப் போங்க கேப்டன்," என்றார் தேங்க்ஃபுல் அத்தை. "கதவுக்கு."

மறுநாள் அப்பா வண்டியில் பைன் பலகை ஏற்றினார். அந்த வாரக் கூட்டத்தில் மணியம் ஒரு புது மாப்பிள்ளைக்குப் போயிற்று. எங்கள் தாழ்ப்பாளும் அதோடு சரியாகிவிட்டது.