முஹ்சினாவின் நிறைமாதம்

கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, வந்தவர் நீட்டிய சேலையின் ஓரத்தை மூக்கு நுனிவரை கொண்டுபோகிறாள் முஹ்சினா. அவளுக்கு இழை இழையாகத் தெரியும் தூரம் அதுதான். மேசையில் இருபது ரவிக்கைத் துணிகள் விரிந்து கிடக்கின்றன. இருபதும் பச்சை. "இது வெறும் கிளிப்பச்சை இல்லீங்கக்கா, ஊடால மஞ்ச நூலு ஓடுது" என்று சொல்லி, இருபதில் ஒன்றை உருவிப் போடுகிறாள். வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தால், அந்தச் சேலையிலேயே வெட்டியது போல் இருக்கிறது.

கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த மேட்சிங் கடையின் பலகையில் எழுதியிருப்பது கணவன் முஸ்தபாவின் பெயர். ஆட்கள் தேடி வருவது இவளை. எருத்தேன்பதியிலிருந்து கமலாத்தாள் இரண்டு பஸ் மாறி வருகிறார். "அம்மிணி மோந்து பாத்துக் குடுத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்பது அவர் கட்சி. முஹ்சினாவுக்குக் கோபமெல்லாம் வராது. "மோக்கலீங்கக்கா, பாக்கறேன். என்ற கண்ணு மூக்குக்குப் பக்கத்துலதான் வேலை செய்யுது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

கண்ணாடி போட்டாலும் தெருவின் அந்தப் பக்கம் அவளுக்குப் பாதிதான் வந்து சேரும். மீதியை நடையையும் செருப்புச் சத்தத்தையும் வைத்து நிரப்பிக்கொள்வாள். கடை வாசல் பொம்மைக்குப் புதுச் சுடிதார் மாட்டிய அன்று, "உள்ள வாங்கம்மணி, வெயில்ல நிக்காதீங்க" என்று இரண்டு தடவை அழைத்துவிட்டு, அது அசையாததால் 'என்ன திமிரு பாரு' என்று முணுமுணுத்தாளாம். இது முஸ்தபா ஊரெல்லாம் பரப்பிய கதை. பாதி பொய். அவள் அழைத்தது ஒரு தடவைதான்.

இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வதில்லை என்பதால், ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடாது. தேநீர் ஊற்றும்போது பாத்திரத்தின் விளிம்பை டம்ளரில் தொட்டு வைத்துக்கொண்டுதான் சரிப்பாள். படி இறங்குவதற்கு முன் முதல் படியைக் காலால் ஒரு விசாரணை செய்வாள். தூக்கிப் போட்ட சாவிக்கொத்தை அவள் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் டிவி என்பதுதான் வீட்டில் பேச்சு. பதினோரு வருஷத்துக்கு முன்பு பெண் பார்க்க வந்தபோது, முஹ்சினாவின் அம்மா உள்ளறையில் சொல்லிக்கொடுத்த பாடம் அது. "கண்ணாடி எதுக்குன்னு கேட்டா, டிவிய ஒட்டி உக்காந்து பாத்தேன்னு சொல்லு. ஏழாம் மாசத்துல பொறந்தேன்னு மட்டும் வாயத் தொறந்துறாத. சீக்காளிப் புள்ளைன்னு போயிருவாங்க. நிறைமாசம்னு சொல்லு, தெரிஞ்சுதா?" ஒரு கிலோவும் கொஞ்சமுமாகப் பிறந்து, நாற்பது நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள், இருபத்திரண்டாம் வயதில் ஒரு சாயங்காலத்தில் நிறைமாதக் குழந்தை ஆகிவிட்டாள்.

மாமியார் ருக்கியா அதை நம்பினார். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஹாலில் டிவிக்கு எட்டடி தள்ளிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பேரப்பிள்ளைகள் கோட்டைத் தாண்டினால் ரிமோட் அவர் மடிக்குப் போய்விடும். "உங்கம்மா கண்ணு கெட்டது பத்தாதா? பின்னால போங்க!" சாக்பீஸ் அழிந்து அழிந்து சலித்துப்போய், கடைசியில் பெயிண்டிலேயே போட்டுவிட்டார். முஹ்சினா தினமும் அந்தக் கோட்டின் மேல் வாய் திறக்காமல் பெருக்குகிறாள்.

பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது இடது கண்ணில் கொசு வந்தது. கறுப்பாக ஒன்று, பிறகு ஒரு கூட்டம். கையால் விரட்டினாள், கண்ணாடியைத் துடைத்தாள், கொசுவத்தி வாங்கி வராத முஸ்தபாவைத் திட்டினாள். மறுநாள் கண்ணோரத்தில் பளிச் பளிச்சென்று மின்னியது. "மச்சான், மழை வருதா?" வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்றாம் நாள் கமலாத்தாளின் அரக்குச் சேலைக்கு ஒரு காப்பிப்பொடி நிறத்தை எடுத்து நீட்டினாள்.

கமலாத்தாள் துணியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "அம்மிணி, நீ தப்பா எடுக்க மாட்டியே. கண்ணுல என்ன?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. இந்தப் பக்கம் சீலையத் தொங்கவிட்டாப்ல இருக்குது. பெருநாள் கழியட்டும், பாத்துக்கலாம்."

"கிழிச்சே போ! எங்க மச்சாண்டாரும் இப்பிடித்தான், அறுப்பு முடியட்டும்னாரு. அதுக்குள்ள கண்ணு போயே போச்சு. ஏனுங்க மொதலாளி, கடையச் சாத்துங்க முதல்ல!" கமலாத்தாள் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

பாலக்காட்டுக் கண் ஆஸ்பத்திரியில் முஸ்தபா வண்டி நிறுத்த இடம் தேடிப் போக, டாக்டர் அறைக்குள் கூட வந்தவர் மாமியார். டாக்டர் டின்சி வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "இடது விழித்திரை கிழிஞ்சு விலகுது. நடுப்பாகத்துக்கு இன்னும் வரல, அதனால இன்னிக்கே ஆபரேஷன் வைக்கணும். ஆனா ரெண்டு கண்ணோட ஓரத்திலயும் பழைய தழும்பு இருக்கு. நீங்க மாசம் தெகஞ்சா பொறந்தீங்க?"

முஹ்சினா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "நிறைமாசந்தான் டாக்டரே! எல்லாம் டிவி பாத்து வந்த வினை." ருக்கியாவின் குரலில் பெருமைகூட இருந்தது.

"டிவி பாத்தா இந்தத் தழும்பு வராது உம்மா. குறைமாசத்துல பொறந்தவங்களுக்கு வரும். அதுதான்னா வலது கண்ணும் பின்னால இப்படிக் கிழியலாம். அதையும் இன்னிக்கே ஓரம் வரைக்கும் பாத்து, ஆயுசுக்கும் கவனிச்சுட்டே இருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? சொன்னால் பதினோரு வருஷத்துப் பொய்க்காரி. சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் ஒரு கண்ணும் போகலாம். மருந்து விட்ட கண்களுக்குப் பக்கத்து நாற்காலியில் வெள்ளையாய் ஒரு முக்காடு மட்டும் தெரிந்தது. அதற்குள் இருந்த முகம் என்ன சொல்கிறதென்று தெரியவில்லை. ஒரு கையின் ஐந்து விரலையும் மறுகையில் இரண்டையும் டாக்டர் பக்கமாகத் தூக்கிக் காட்டினாள்.

முக்காடு திரும்பியது. தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி உருளும் சத்தம் நின்றது.

"ரெண்டு கண்ணையும் பாருங்க டாக்டரே" என்றார் ருக்கியா. பிறகு, இன்னும் இறங்காமல் அந்தரத்தில் நின்றிருந்த அந்த ஏழு விரல்களையும் பிடித்து இழுத்து, தன் இரண்டு கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார்.