மக்கீன் காக்காவின் இடது இடுப்பு

சாய்ந்தமருதில் மக்கீன் காக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீரமுனை வரை போய் விற்றுவிட்டு வருவார். வாய் சும்மா இருக்காது. பள்ளியில் குனிந்து நிமிர முடியாமல் கதிரை போட்டுத் தொழுகிறவர்களின் வரிசைக்கு அவர் வைத்த பெயர் 'பாராளுமன்றம்'. அங்கே உட்காருகிறவர்களே அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அவருடைய வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், கொழும்பில் செயற்கை மூட்டு வைத்தார்கள். டொக்டர் சிங்களவர். காக்காவின் சிங்களம் மீன் விலை பேசுவதோடு சரி. குருநாகலில் கடை வைத்திருக்கும் மருமகன் நிப்றாஸ்தான் இடையில் நின்று தமிழில் சொன்னான். டொக்டர் நீளமாகப் பேசினார். நிப்றாஸ் சுருக்கமாகச் சொன்னான். நிலத்தில் குந்தக்கூடாது, கதிரையில்தான் தொழவேண்டும், புது மூட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து காக்காவுக்கு ஒரே பேச்சு, பெருநாள் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுக்கப்போவதாக. பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்கே அது மனப்பாடம். மனைவி றஹீமா ஒவ்வொரு முறையும் "ஓம், ஓம்" என்பார்.

இடையில் நோன்பு வந்தது. தானே பெயர் வைத்த பாராளுமன்றத்தில் போய் உட்கார காக்காவின் மானம் விடவில்லை. எல்லோரோடும் நிலத்தில்தான் தொழுதார். புதுக் காலுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று அதைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதுக்குக் குனிவதையும் எழும்புவதையும் இடது காலின் பலத்திலேயே செய்தார். நோன்பு இரவுகளில் தொழும் தறாவீஹ் நீளமான தொழுகை. நோன்பு முழுக்க ஒரு நாளும் விடவில்லை. ஆள் சிங்கம்தான் என்று பள்ளியில் பேசிக்கொண்டோம். நடுவில் இடது பக்கம் குத்தத் தொடங்கியபோது, புதுசு வந்ததில் பழசுக்குப் பொறாமை என்று பகிடி விட்டார். பெருநாளன்று அவரால் படியிறங்க முடியவில்லை.

பெருநாள் கழிந்த கையோடு என்னுடைய ஆட்டோவில்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனோம். காக்கா, றஹீமா, பெருநாளுக்கு வந்திருந்த நிப்றாஸ். காக்காவுக்கு என் தோள் தேவைப்பட்டதால் நானும் உள்ளே போனேன். மோட்டார் சைக்கிள் ஓடலாம் என்ற ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை. கொழும்பில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்தார். வலது பக்கம் குறையில்லை என்றார். இடது பக்கம் எலும்போடு எலும்பு உரசுகிறது, அதையும் மாற்றத்தான் வேண்டும் என்றார்.

காக்கா வாயைத் திறக்குமுன் டொக்டரே கேட்டார்: "முதல் படத்திலேயே ரெண்டும் பழுதுதானே. இடதில பாரம் போடவேண்டாம் எண்டு கொழும்பில சொல்லல்லையா?"

இத்தனை நாளும் பழுதான காலின் மேல் ஏறி நின்று நல்ல காலைக் காப்பாற்றியிருக்கிறார் மனுசன். நிப்றாஸ் நிலத்தைப் பார்த்தான். அவன் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

"மருமகன ஏசாதீங்க," என்றார் றஹீமா. "நாந்தான் செல்ல வேணாம் எண்ட. ரெண்டு எண்டு தெரிஞ்சா நீங்க ஒண்டையும் செய்ய உட்டிருக்க மாட்டீங்க."

அது உண்மை. கேட்டிருந்தால் அன்றைக்கே கட்டிலைவிட்டு இறங்கி ஊர் பஸ் ஏறியிருப்பார். ஆனாலும் அந்த உண்மை எனக்கே கசந்தது.

காக்கா ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குப் பயம் போயிருக்கும். டொக்டர் பக்கம் திரும்பி, இடதையும் மாற்றினால் மீன் பெட்டி கட்டி மோட்டார் சைக்கிள் ஓடலாமா என்று கேட்டார்.

"இல்ல ஐயா. அவ்வளவு பாரத்தோட ஏலாது. விழுந்தா மூட்டுக் கழண்டுபோயிரும்."

காக்கா றஹீமாவைப் பார்த்தார். றஹீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைக் கண்டதும் காக்காவுக்கு விளங்கிவிட்டது, எனக்கும்.

"இதையும் கொழும்பிலயே செல்லிட்டாங்களா?"

"ஓம்."

"பெருநாளைக்குப் பொறகு ஓடுவன் ஓடுவன் எண்டு நான் செல்லக்குள்ள எல்லாம் நீ ஓம் எண்டியே, றஹீமா."

"ஓம் எண்டு சென்னாத்தான் நீங்க அடுத்த நாளும் எழும்பி நடந்தீங்க," என்றார் றஹீமா.