தெற்குச் சுவரின் சிமெண்டுப் பூச்சு

ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோவில் படகுக்காரர்கள் கட்டியது. சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை. மேலே, தேக்கு உத்தரங்களின் மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய தளம். உத்தரங்கள் முப்பத்தாறு. துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலையில் இருந்தவன் நான். கண்ணில் பட்டதை எண்ணாமல் விட முடிவதில்லை.

தெற்குச் சுவரில் பூச்சு உப்பி உதிர்ந்த இடங்களும் என் கணக்கில் உண்டு. போன மழைக்கு முன் பத்தொன்பது. அப்புறம் இருபத்தேழு.

"பூசையப் பாருங்க. செவுத்தையே பாத்துக்கினு கீறீங்க" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள்.

திருவிழாவுக்குள் ஆள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்று பங்குப் பேரவை ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. அளவெடுக்க வந்தவர் கல்மண்டபத்து வயதான கொத்தனார் ஒருவர். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கரணைக் காம்பால் சுவரைத் தட்டினார். டொப்பென்றது.

"ஃபாதர், உள்ள செங்கல்லு ஊறிக் கீது. சுண்ணாம்பா இருந்தா ஈரம் தானா வெளிய வந்து காஞ்சிரும். சிமெண்டு வழிய அடச்சிருச்சி. இதும்மேல டைல்ஸும் ஒட்னா செங்கல்லு மாவாப் பூடும். எந்தப் புண்ணியவான் சிமெண்டு பூசச் சொன்னது?"

சிமெண்டு பூச முடிவெடுத்த பழைய பேரவையில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அன்றைக்குச் செயலாளர். சுண்ணாம்பை நீற்றி, அரைத்து, பூசிக் காயவிட இரண்டு மாதம் ஆகும். சிமெண்டுக்கு ஒன்பது நாள் போதும். கொடியேற்றத்துக்கு இருந்ததோ பன்னிரண்டு நாள். இப்படி எண்ணிக் காட்டித்தான் எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். இப்போது வாயை மூடிக்கொண்டால் டைல்ஸ் ஏறிவிடும். என் தப்பு மறைந்துவிடும், சுவரும் போய்விடும்.

"நான்தான்" என்றேன்.

"நீயா நைனா? பாத்தா படிச்சவனாட்டம் கீற!"

பேரவையில் மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிமெண்டு எப்படி வந்தது என்பதை முழுவதும் சொன்னேன். பங்குத்தந்தை டைல்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு, பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார்.

"எத்தினி நாள்ல காயும்?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"நீ எண்ணிக்கினே இராத. காஞ்சா நானே சொல்றேன்."

திருவிழா வெறும் செங்கல் சுவரோடு நடந்தது. இதென்ன கோலம் என்று கேட்டவர்களில் பதினொரு பேருக்கு நானே காரணத்தைச் சொன்னேன். அன்று தரையிலிருந்து பதினான்கு வரிசை செங்கல் ஈரத்தில் கறுத்திருந்தது.

நேற்று பதின்மூன்று.