நின்றது போலத் தெரிந்த பிளேடு

கடலூர் முதுநகரில் நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் மரப்பட்டறை வைத்திருக்கிறோம். மழை நாட்களில் அறுக்கும் மெஷினில் பென்சில் கோடு சரியாகத் தெரியாது. மலிவாகக் கிடைத்த சின்ன எல்.இ.டி. லைட் ஒன்றை வாங்கி, பிளேடுக்கு மேலே நான்தான் பொருத்தினேன்.

ஒரு நாள் பலகையை அறுத்து முடித்ததும் செல்வம் சுவிட்சை அணைத்தான். அணைத்த பிறகும் பிளேடு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நான் இழைப்பு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்ததால், பிளேடு சுற்றும் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. துண்டை எடுக்கக் கையை நீட்டினான். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

“நின்னுதான் மாமா இருந்துது, கண்ணால பாத்தேன்” என்று ஆஸ்பத்திரியில் அழுதான். நான் நம்பவில்லை. மறுநாள் அதே லைட்டைப் போட்டு மெஷினை ஓட்டி அணைத்தேன். வேகம் குறைந்து வரும்போது, சுற்றுகிற பிளேடு ஒரு கணம் அசையாமல் நின்றது போலவே தெரிந்தது. மலிவு லைட் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும், ஒவ்வொரு முறை எரியும்போதும் பிளேடின் பற்கள் அதே இடங்களில் வந்து நின்றால் பிளேடே நின்றது போலத் தெரியும் என்றார் எலக்ட்ரீஷியன்.

லைட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். இப்போது மெஷினை அணைத்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நூறு வரை எண்ணுகிறேன். செல்வம் தினமும் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

“நின்னுடுச்சா மாமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான்.

பிளேடைப் பார்த்தபடியே, “தெரியல மச்சான்” என்கிறேன்.