வலப்பக்கம் நின்றவள்

வின்செஸ்டரில் அந்த ஆடி மாத மழை விட்டபாடில்லை. நாடாளும் ராணியம்மாவுக்கும் ஸ்பெயின் இளவரசருக்கும் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு வந்திருந்த ஸ்பெயின் துரைமார்களின் வெல்வெட்டெல்லாம் சொதசொதவென்று நனைந்து கிடந்தது. எங்கள் ஊர் பீர் வேறு அவர்கள் தொண்டையில் இறங்கவில்லை. பீர்க்கடைக்காரி தாமசின் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. குடிப்பதற்கு ஊர்க்காரர்கள் போதாதா?

புருஷன் காய்ச்சலில் போன பிறகு, பீர் காய்ச்சும் கொட்டகையை அவள் ஒருத்தியாகத்தான் கட்டி மேய்த்தாள். பார்லி ஊற வைப்பதிலிருந்து வாசல் கம்பில் தழைக்கொத்து கட்டுவதுவரை அவள் கைதான். கொத்து ஏறிவிட்டால் பீர் பதமாகிவிட்டது என்று பொருள். நகரசபையிலிருந்து ருசி பார்க்கிறவர் வந்து ஒரு வாய் குடித்துத் தலையாட்டிய பிறகே விற்பனை. தாமசினின் கொத்து ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, உழைத்தவள் திமிர்தானே.

பீப்பாய் செய்யும் ஆம்புரோஸ் மேல் இப்போது அவளுக்கு மனசு. நல்ல மனுஷன், குடித்தாலும் குரல் உயராது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு, கையோடு கல்யாணம். ஆனால் மோதிரம் ஏறிவிட்டால் அடுப்பு, அண்டா, கொட்டகை எல்லாம் சட்டப்படி புருஷனுடையது. தெரிந்துதான் சம்மதித்தாள். தெரிந்தும், ராத்திரி படுக்குமுன் ஒருமுறை அண்டாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடையில் ஒருநாள் வண்டிக்கார ஹாம்லின் ராணியின் கல்யாணப் பேச்சை ஆரம்பித்தான்.

"பொம்பள நாடாளட்டும்யா, வேண்டாங்கல. கல்யாணம் ஆயிட்டா யாரு யாருக்கு அடங்கறது? வீட்டுல ராணி குனியணும், சபையில புருஷன் குனியணுமா? இடுப்பு ஒடிஞ்சிரும்!"

ஆம்புரோஸும் சிரித்துவிட்டுச் சொன்னான்: "ராணியா இருந்தா என்ன? பொண்டாட்டின்னா பொண்டாட்டிதான்."

கடை முழுக்கச் சிரித்தது. தாமசின் சிரிக்கவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த கோப்பை நிரம்பி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ராணியின் கல்யாணத்தன்று பக்கத்து வீட்டு ஜென்னட், பெரிய கோயில் கூட்டத்திலிருந்து நனைந்த கோழியாக ஓடி வந்தாள்.

"ஏண்டி, சேதி கேட்டியா? மாப்பிள்ளை நிக்க வேண்டிய வலப்பக்கம் ராணி நின்னாளாம்! மாப்பிள்ளை இடப்பக்கமாம்!"

"சாமியார் ஒண்ணும் சொல்லலையா?"

"ராணிகிட்ட யாருடி வாயத் திறப்பா?"

"அப்ப நானும் வலப்பக்கம்தான் நிப்பேன்."

"அடி இவளே! அவளுக்கு நாடு இருக்கு. உனக்கு என்ன இருக்கு?"

"கொட்டகை இருக்குல்ல?"

அதை ஆம்புரோஸிடமும் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"ஊரே சிரிக்கும் தாமசின்."

"சிரிக்கட்டும். அன்னிக்கு நீ சொன்னதுக்கும்தான் சிரிச்சாங்க. நான் தாங்கிக்கல?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தோடு முடிந்தது என்றே அவள் நினைத்தாள். தனியாக உட்கார்ந்து அழவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வலப்பக்கம் போய் நின்றாள். ஆம்புரோஸ் வந்தான், காது மடல் சிவக்கச் சிவக்க.

"பொண்ணு இந்தப் பக்கம் வரணும்மா," என்றார் சாமியார்.

அவள் அசையவில்லை. ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினான். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய் நின்றான்.

"மாப்பிள்ளைக்குப் பாவாடை எங்கடா?" என்று ஹாம்லின் கத்தினான். ஆம்புரோஸ் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவள் பார்லி அரைக்க ஆலைக்குப் போய்த் திரும்பியபோது கம்பில் தழைக்கொத்து தொங்கியது. அவள் அதைக் கட்டவே இல்லை. பீப்பாயில் இருப்பது இன்னும் நுரைத்தே முடியவில்லை. புதுப் பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று ஆம்புரோஸ் கட்டிவிட்டிருந்தான். உள்ளே அவன் எதிரில், ருசி பார்க்கிற பெவிஸ் ஐயா வாயில் இருந்ததைத் துப்பிக்கொண்டிருந்தார்.

"கொத்து தொங்குது, சரக்கு பச்சையா இருக்கு! பீருக்கு உடையவங்க சந்தையில தண்டனைக் கட்டையில கழுத்த மாட்டிக்கிட்டு நிக்கணும், தெரியுமில்ல? யாரோட பீர் இது? நேத்துலேர்ந்து உன்னோடதுதானேப்பா?"

தாமசின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் ஆமாம் என்று சொன்னால் கொட்டகை ஊரறியக் கைமாறிவிடும். இல்லை என்றால் கட்டையில் நிற்கப்போவது அவள்.

ஆம்புரோஸ் பிடரியைச் சொறிந்தான்.

"பீர் அவளோடதுங்க. தப்பு என்னோடது."

"சட்டத்துல அப்படி இல்லையேப்பா!"

"சட்டத்துல என்ன வேணா இருக்கட்டும் ஐயா. கட்டைக்கு நான் வர்றேன்."

தாமசின் முக்காலியை இழுத்துக் கம்புக்கடியில் போட்டாள்.

"ஆடுது, பிடிச்சுக்கோ," என்றாள்.

அவன் வந்து பிடித்துக்கொண்டான். அவள் ஏறி, கொத்தை அவிழ்த்தாள்.